ஐயர் வீட்டுச் சனிக்கிழமைகள்

எங்கள் வீட்டில் சினிமா பாவக் கணக்கில் இருந்தது. பீடிக்கும் சீட்டாட்டத்துக்கும் அடுத்த வரி அதுதான். அப்பா பொறையாறு பக்கம் லுத்தரன் மிஷன் பள்ளியில் வாத்தியார். டென்மார்க் அரசன் அனுப்பிய சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடிக் கரை எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். வேதாகமம், பாமாலை, லுத்தரின் சிறிய ஞானோபதேசம் மூன்றும் அலமாரியின் ஒரே தட்டில் இருக்கும். ரேடியோவில் சினிமாப் பாட்டு வந்தால் அம்மா எங்கிருந்தாலும் வந்து குமிழைத் திருகிவிடுவாள்.

விதிவிலக்கு இரண்டு. ஒன்று, 1979இல் லூக்கா சுவிசேஷத்தை வைத்து எடுத்த இயேசு படம். அதன் தமிழ் ஒலிமாற்றத்தைப் பள்ளி மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டிப் போடுவார்கள். இன்னொன்று தெலுங்கிலிருந்து வந்த 'கருணாமயுடு'. பாசமலர் பீம்சிங் தன் கடைசிக் காலத்தில் இயக்கியது. விஜயசந்தர் சிலுவை சுமந்து வரும்போது, கோயில் பக்கமே வராத எங்கள் தெருப் பாட்டிகள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். படம் ஓடும்போது எழுந்து நிற்கலாமா என்று உபதேசியாருக்கு ஒரே சங்கடம். உட்காரச் சொன்னால் மரியாதைக் குறைவு, விட்டால் விக்கிரக ஆராதனை.

அப்பா இரண்டையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே குறைதான் சொன்னார். “நாப்பது நாள் பட்டினி கெடந்த ஆளு மாதிரியே தெரியலையே. கன்னம் ஒட்டலியே.” அப்போது இதை வாத்தியார்த்தனம் என்று நினைத்தேன். திரைப்படங்களைப் பற்றி நான் கேட்ட முதல் இறையியல் விமர்சனம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கடவுள் மனிதனானார் என்று சொல்கிறவர்கள், அந்த மனிதனுக்குப் பசித்தது என்பதைக் காட்டக் கூச்சப்படுகிறார்கள்.

நான் இறையியல் படிக்கவில்லை. வங்கி வேலைக்குப் போனேன், சென்னையில் குடியேறினேன். திரைப்படச் சங்கங்களில் எதை எதையோ பார்த்துத் திரிந்த காலத்துக்குப் பிறகுதான் அந்த ஓய்வுபெற்ற போதகரின் அறிமுகம் கிடைத்தது. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் வீட்டு முன்னறையில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை டிவிடி ஓடும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், மிஷன் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் பிரசவ வார்டில் இருந்த நர்ஸ் அக்கா, பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட ஐயரின் தங்கை, குருகுல் இறையியல் கல்லூரி மாணவன் ஒருவன், நான். தட்டு நிறைய முறுக்கு, பிளாஸ்க்கில் காபி.

ஐயருக்கு இரண்டு சட்டம் உண்டு. படம் என்ன செய்தி சொல்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. “செய்தி வேணும்னா நாளைக்குக் காலையில பிரசங்கத்துக்கு வாங்க” என்பார். இரண்டாவது, எந்தப் பாத்திரம் கிறிஸ்துவுக்கு உருவகம் என்று துப்பறியக் கூடாது. அந்தக் கல்லூரி மாணவன் முதல் நாளே அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னான். கதாநாயகன் கையை விரித்துக்கொண்டு விழுகிற காட்சி. ஐயர் சொன்னார், “கை விரிச்சவனெல்லாம் கிறிஸ்துன்னா, சிக்னல்ல நிக்கிற போலீஸ்காரர்தான்யா பெரிய ரட்சகர்.” இறையியல் மாணவர்களுக்கும் சினிமா பிடித்த போதகர்களுக்கும் இந்த வியாதி அதிகம். பிரெஸ்ஸோனின் 'பல்தசார்' (1966) படத்தில் கை மாறிக் கை மாறி அடிபடும் கழுதை, கடைசியில் கடத்தல்காரர்களின் சுமையோடு குண்டடிபட்டு, மலைச்சரிவில் ஆட்டு மந்தை நடுவே படுத்துச் சாகிறது. ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்பே ஐயர் தடுத்தார்: “அத கழுதையாவே சாக விடுங்க.” கழுதையாகவே சாகவிட்டால்தான் நமக்கு வலிக்கும். உருவகமாக்கிவிட்டால் வலி நம்மை விட்டுப் புத்தகத்துக்குள் போய்விடும்.

அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் சின்னவை. யார் சாப்பிடுகிறார்கள்? யார் யாரைத் தொடுகிறார்கள்? யார் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்? இந்த மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தால் போதும் என்பார். போதுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, டிரேயரின் 'ஓர்டெட்' வரும் வரைக்கும்.

1955இல் வந்த டேனிஷ் படம் அது. நாடகமாக எழுதியவர் காய் முங்க், மேற்கு ஜட்லாந்தில் வெடெர்சோ என்ற சின்ன ஊரின் லுத்தரன் போதகர். நாஜிகளை எதிர்த்துப் பேசியதற்காக 1944 ஜனவரியில் கெஸ்டபோ அவரைச் சுட்டுக் கொன்றது. டிரேயர் வெளிப்புறக் காட்சிகளை அந்த ஊரிலேயே எடுத்தார். கதை இரண்டு குடும்பங்களைப் பற்றியது. பண்ணையார் மோர்டன் போர்கனின் கிறிஸ்தவம் சிரித்துச் சாப்பிட்டு வாழ்கிற வகை. தையல்காரர் பீட்டரின் வீட்டில் மனந்திரும்புதல், கண்ணீர், உலகத்தை வெறுத்தல். ஒருவர் வீட்டில் இன்னொருவர் பெண் எடுக்க மாட்டார். எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐயரும் அவர் தங்கையும் ஒரே சோபாவில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள்.

போர்கனின் மூத்த மருமகள் இங்கர். பிரசவத்தில் குழந்தை இறந்தே பிறக்கிறது, பிறகு அவளும் இறந்துபோகிறாள். பிரசவக் காட்சியில் கேமரா பெரிதாக எதையும் காட்டுவதில்லை. டாக்டரின் கை அசைவும் அவள் முனகலும் மட்டும். நர்ஸ் அக்கா, “இது நடிப்புச் சத்தம் இல்ல” என்றார் உடனே. அவர் சொன்னது சரி. இங்கராக நடித்த பிர்கிட்டே ஃபெடர்ஸ்பீல் அப்போது நிஜமாகவே கர்ப்பிணி. தன் பிரசவத்தின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ள டிரேயருக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

இங்கரின் கணவன் மிக்கல் விசுவாசம் இல்லாதவன். சவப்பெட்டி அருகே அவன் அழும்போது அப்பா தேற்றுகிறார்: அவள் இங்கே இல்லை, அவள் ஆத்துமா பரலோகத்தில் இருக்கிறது. மிக்கல் சொல்லும் பதில்தான் படத்தின் அச்சாணி. அவள் உடம்பையும் நான் நேசித்தேனே என்கிறான்.

எனக்கு அந்த இடத்தில் மூச்சு அடைத்தது. அம்மா இறந்தபோது அடக்க ஆராதனை நடத்த வந்த போதகர் ஒருவர், இது வெறும் கூடு, பறவை பறந்துவிட்டது, அழுதால் சாட்சி கெட்டுப்போகும் என்று பிரசங்கித்தார். அப்பா அழவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் குனிந்து, அம்மாவின் கால்மாட்டில் கலைந்திருந்த புடவைக் கொசுவத்தைச் சரி செய்தார். இரண்டு முறை நீவிவிட்டார். வெறும் கூடாக இருந்தால் அதை ஏன் நீவ வேண்டும்? ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்று எழுந்து நின்று அறிக்கையிடுகிறோம். சாவு வீட்டில் மட்டும் ஆத்துமாவைப் பற்றியே பேசுகிறோம். அது கிரேக்கர்களின் நம்பிக்கை, அப்போஸ்தலர்களுடையதல்ல என்று புத்தகங்களில் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அதை எனக்கு முதலில் உறைக்கச் செய்தவன் கடவுளை நம்பாத மிக்கல்.

முடிவு தெரிந்தவர்களுக்கும் உடல் சிலிர்க்கும். தன்னையே கிறிஸ்து என்று நம்பிச் சித்தம் கலங்கி அலைந்த மைத்துனன் யோஹான்னஸ் தெளிந்து திரும்பி வருகிறான். இங்கரின் சின்ன மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் செய் என்பது போல நிற்கிறாள். இங்கரின் விரல்கள் அசைகின்றன. எழுந்தவள் கணவனைப் பிடித்துக்கொள்ளும் அந்த முத்தத்தில் பக்தி எதுவும் இல்லை. வாய் திறந்த, எச்சில் படிந்த, பசித்த முத்தம். ஐயரின் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸ் அக்கா சொன்னார்: “லாசருவும் இப்படித்தான் எழுந்திருச்சிருப்பான். பாட்டுப் பாடிக்கிட்டு எழுந்திருச்சிருக்க மாட்டான்.” திரையில் வரும் பெரும்பாலான அற்புதங்களில் வெளிச்சமும் வாத்தியங்களும் வந்து நம்மை நம்பவைக்கும். டிரேயர் சுவரில் நின்றுபோயிருந்த கடிகாரத்தை ஒருவன் மறுபடி ஓடவிடுவதைக் காட்டுகிறார். அவ்வளவுதான்.

அடுத்த மாதச் சனிக்கிழமைக்கு ஐயர் வேண்டுமென்றே 'பாபெட்டின் விருந்து' போட்டார். கேப்ரியல் ஆக்செல் 1987இல் எடுத்தது. அதுவும் ஜட்லாந்து, அதுவும் ஒரு கண்டிப்பான சிறு சபை. இறந்துபோன போதகரின் இரண்டு மகள்கள், லுத்தரின் பெயரால் ஒருத்தி மார்டினே, மெலாங்க்தனின் பெயரால் ஒருத்தி பிலிப்பா. மூத்தவளின் முகத்தை எங்கோ பார்த்தது போலிருந்தது. 32 ஆண்டுக்கு முன் சவப்பெட்டியிலிருந்து எழுந்த அதே ஃபெடர்ஸ்பீல், நரைத்த தலையோடு ஏழைகளுக்குக் கஞ்சி கொண்டு போகிறார். யோஹான்னஸாக நடித்த பிரேபன் லெர்டார்ஃப் ரீயேவும் கிழவராக அந்த மேஜையில் இருக்கிறார். ஆக்செல் இதை யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். செத்துப் பிழைத்தவர்களின் பந்தி.

பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்ட 1871இல் தப்பி ஓடிவந்த பாபெட் அந்தச் சகோதரிகளின் வீட்டில் 14 வருடம் சமையல் செய்கிறாள். லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு அத்தனையையும் ஒரே இரவின் சாப்பாட்டில் செலவழிக்கிறாள். ஆமை சூப், காடை, திராட்சை மது. சாப்பாடு பாவத்துக்கு இழுக்கும் என்று பயந்த சபையார், ருசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தங்களுக்குள் சபதம் செய்துகொள்கிறார்கள். மேஜையில் பன்னிரண்டு பேர். வெளியூரிலிருந்து வந்த ஜெனரலுக்கு மட்டும்தான் அந்த உணவின் அருமை தெரிகிறது. பந்தி முடியும்போது பல வருடப் பகைகள் தாமாகக் கழன்று விழுகின்றன.

“வீண் செலவு. எத்தன ஏழைக்குக் குடுத்திருக்கலாம்” என்றார் ஐயரின் தங்கை. ஐயர் சிரித்தார். அவர் சிரித்த காரணம் எல்லோருக்கும் புரிந்தது. பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் பாதத்தில் ஊற்றியபோது, யோவான் சுவிசேஷத்தில் இதே கணக்கைப் போட்டவன் யூதாஸ். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவர் பக்கம் பேசினேன். ஏனென்றால் கேள்வி நியாயமானது, யூதாஸ் கேட்டான் என்பதால் பொய்யாகிவிடாது. ஆனால் கிருபை என்பதே கணக்குக்கு ஒத்துவராத செலவு என்பதை இந்தப் படம் போல எந்தப் பிரசங்கமும் எனக்குக் காட்டியதில்லை. போப் பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில் இந்தப் படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஒரு லுத்தரன் கிராமத்துப் பந்தியை ரோமாபுரி மெச்சியதில் எங்கள் ஐயருக்கு அளவில்லாத பெருமை.

நர்ஸ் அக்காதான் மூன்றாவது கேள்வியை எடுத்தார். “பாபெட் எங்க சாப்டா?” சமையலறையில்தான். ஜெனரலின் வண்டிக்காரனுக்கும் அங்கேயே பரிமாறுகிறாள். கடைசியில் களைத்துப்போய் ஒரு கிளாஸ் மதுவோடு உட்கார்கிறாள். ஐரோப்பாவின் மிக அழகான நற்கருணைக் காட்சி என்று பலரும் கொண்டாடும் அந்தப் பந்தியில் சமைத்தவளுக்கு நாற்காலி கிடையாது.

இது எங்களுக்கு வெறும் ரசனைக் கேள்வி அல்ல. தஞ்சை, தரங்கம்பாடிச் சபைகளின் வரலாற்றில் ஆலயத்துக்குள் எந்தச் சாதிக்கு எந்தப் பக்கம், கிண்ணம் யாரிடம் முதலில் வரும் என்பது பெரிய வழக்கு. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். அதை ஏற்க மாட்டோம் என்றவர்களில் பலர் பிற்பாடு லைப்சிக் லுத்தரன் மிஷனிடம் அடைக்கலம் தேடினார்கள். எங்கள் சபையின் பரம்பரையில் அவர்களும் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்று பாட்டுக்காரராக அறியப்பட்டவர், இதற்குப் பதிலாகத்தான் ஒரே உலை என்ற யோசனையை வைத்தார். எல்லோரும் அரிசி கொண்டு வந்து ஒரே பானையில் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் நற்கருணை. அங்கே சமைக்கிறவர் வேறு, பந்தியில் இருக்கிறவர் வேறு என்ற பேச்சே இல்லை. பாபெட்டின் விருந்தைப் பார்த்த கண்ணோடு பறட்டையின் பானையை நினைத்தால், ஆக்செலின் அருமையான படத்தில் ஒரு ஓட்டை தெரியும். தெரிந்த பிறகும் படம் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது.

பந்தியை விட்டு வலிக்கு வருகிறேன். மெல் கிப்சனின் 'பாஷன்' 2004இல் வந்தபோது சபையே வேன் பிடித்துப் போய்ப் பார்த்தது. சினிமா பாவம் என்ற சட்டத்தை அன்றைக்கு எல்லோரும் மறந்துவிட்டார்கள். சாட்டையடி நிற்கவே நிற்காது. ரத்தம் அதிகமானால் மீட்பும் அதிகமாகும் என்று யாரோ கணக்குப் போட்டது போல. கிப்சன் எருசலேமாகக் காட்டியது இத்தாலியின் மத்தேரா என்ற பாறை ஊர். 40 வருடத்துக்கு முன் பசோலினி மத்தேயு சுவிசேஷத்தை எடுத்ததும் அங்கேதான். பசோலினி மார்க்சியவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். படத்தைப் போப் இருபத்து மூன்றாம் யோவானின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். இயேசுவாக நடித்தவர் ஸ்பெயினிலிருந்து வந்த பொருளாதார மாணவர். சிலுவையடியில் துடிக்கும் வயதான மரியாள், பசோலினியின் சொந்தத் தாய் சுசன்னா. அவருடைய இன்னொரு மகன் கீதோ 1945இல் போராளியாக இருந்து கொல்லப்பட்டவன். அந்த முகத்தில் துயரம் தெரிவதற்கு ஒப்பனைக்காரர் தேவைப்படவில்லை. ஒரே பாறை, இரண்டு படம். ஒன்றில் வலியைக் காட்டினார்கள், இன்னொன்றில் வலித்தவர்கள் இருந்தார்கள்.

பெர்க்மனின் 'வின்டர் லைட்' (1963) வலியைப் பற்றிய இந்த வழக்கை முடித்துவைக்கிறது என்பேன். பெர்க்மன் லுத்தரன் போதகரின் மகன். தரங்கம்பாடிக்கு முதல் பேராயரைத் தந்த அதே சுவீடன் திருச்சபை. விசுவாசம் செத்துப்போன போதகர் தோமாஸ், ஜலதோஷத்தோடு இரண்டு ஆலயங்களில் ஆராதனை நடத்தும் ஒரு ஞாயிறு. சீனாவின் அணுகுண்டை நினைத்து நடுங்கும் மீனவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் தன் சந்தேகத்தையே கொட்டிவிடுகிறார். அவன் போய்த் தற்கொலை செய்துகொள்கிறான். ஆனால் படத்தின் பிரசங்கி போதகரல்ல. மெழுகுவர்த்தி ஏற்றி மணியடிக்கும் பணியாள் அல்காட், முதுகு வளைந்து, ஓயாத வலியோடு வாழ்பவர். தூக்கம் வராத இரவுகளில் சுவிசேஷம் படித்த அவர் சொல்கிறார்: சரீர வேதனை என்றால் அவருக்குச் சில மணி நேரம், எனக்கு அதைவிட அதிகம். சீஷர்கள் தூங்கினதும், ஓடினதும், யாருக்கும் எதுவும் புரியாமல் போனதும், கடைசியில் பிதாவும் பேசாமல் இருந்ததும்தான் பெரிய பாடு.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு வருடம் நாலாம் வார்த்தை என்னிடம் வந்தது, கைவிடப்பட்ட கூப்பாடு. ஆணியையும் முள்முடியையும் விட்டுவிட்டு அல்காட்டின் வாதத்தை மட்டும் சொன்னேன். காயங்களைத் தொடவே இல்லையே என்று ஒரு மூப்பருக்கு வருத்தம். வாசலில் ஒரு அம்மா காத்திருந்தார். அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்து வருடக்கணக்காகிறது. “அண்ணே, அது எந்தப் புஸ்தகம்?” என்றார். படம் என்றேன், தமிழில் இல்லை என்றேன். “அப்போ பக்கத்துல உக்காந்து நீங்களே சொல்லுங்க.”

அப்படித்தான் அவர் ஐயர் வீட்டுக்கு வந்தார். படம் முழுக்க நான் அவர் காதருகில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆராதனைக்கு யாருமே வராத ஆலயத்தில், போதகரை நேசித்து அவரால் அவமானப்பட்ட, கடவுளை நம்பாத ஆசிரியை மார்த்தா மட்டும் பெஞ்சில் இருக்கிறாள். தோமாஸ் ஆராதனையைத் தொடங்குகிறார், படம் முடிகிறது.

“கடவுளே இல்லங்குறா. ஆனா வந்து உக்காந்தது அவ ஒருத்திதான்” என்றார் அந்த அம்மா.

“அவ ஆண்டவருக்காக வரலம்மா, அந்தப் பாஸ்டருக்காக வந்தா” என்றார் ஐயர்.

“எங்க வீட்டுக்காரருக்கு நான்தான் பீ மூத்திரம் அள்ளுறேன். அது அவருக்கா, ஆண்டவருக்கான்னு என்னைக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க ஐயா.”

நான் அந்த அம்மாவின் பக்கம். ஐயர் ஒப்புக்கொள்ளவில்லை. விசுவாசத்தையும் கிரியையையும் போட்டுக் குழப்புகிறேனாம், நான் லுத்தரன்தானா என்று கேட்கிறார். அடுத்த முறைக்கு ஷுசாக்கு எண்டோவின் நாவலை வைத்து ஸ்கோர்செஸி எடுத்த 'சைலன்ஸ்' எடுத்து வைத்திருக்கிறார். கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துவிட்டு, பாவமன்னிப்புக் கேட்டு, மறுபடி மிதித்து, மறுபடி வந்து நிற்கும் கிச்சிஜிரோவை வைத்து எங்கள் இருவரையும் மடக்கப்போகிறாராம். அந்த அம்மா, வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு மகளை வரச்சொல்லியிருக்கிறார்.